மாநகரக் கலையரங்கில் செவித்திறன் குறைந்த பார்வையாளர்களுக்கு ஒலி வசதி கோரும் மனு

அனுப்புநர்:
கலையரங்கின் நெடுநாள் பார்வையாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: மேடை ஒலியைக் காதொலிக் கருவிக்கு நேராக அனுப்பும் 'ஹியரிங் லூப்' வசதியைக் கலையரங்கில் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் என் தந்தையை நம் கலையரங்கிற்கு நாடகம் பார்க்க அழைத்துச் சென்றேன். இரு காதுகளிலும் காதொலிக் கருவி அணிபவர் அவர். நடுவரிசையில் அமர்ந்தோம். முதல் காட்சி முடிவதற்குள் கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "நடிப்பைப் பார்த்தேன், அது போதும்" என்றார். வாழ்நாள் முழுவதும் வசனத்துக்காகவே நாடகம் பார்த்தவர் அவர். அந்த 'போதும்' என்னை உறங்கவிடவில்லை.

கருவியில் பழுது எதுவும் இல்லை. எதிரே அமர்ந்து பேசினால் அவருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் பேசுபவர் ஓரிரு மீட்டருக்கு அப்பால் போய்விட்டால், குரலோடு சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் குளிர்சாதன இரைச்சலையும் பக்கத்து இருக்கை இருமலையும் கருவி சேர்த்தே பெருக்கிவிடுகிறது. அரங்க ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினாலும் பயனில்லை. எதிரொலியும் கூடவே கூடும்.

இதற்கு ஏற்ற வழி ஹியரிங் லூப். இருக்கைப் பகுதியைச் சுற்றித் தரையில் ஒரு கம்பி பதிக்கப்படுகிறது. மேடை மைக்கின் ஒலி, பெருக்கியின் வழியே மின்னோட்டமாக அதில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்கும். காதொலிக் கருவியில் உள்ள 'டெலிகாயில்' என்னும் சிறு சுருள் அதை வாங்கி மீண்டும் ஒலியாக்கும். கருவியை 'டி' நிலைக்கு மாற்றிவிட்டால் நடிகரின் குரல் நேராகக் காதுக்கு வந்துவிடும். இரைச்சல் இடையில் புகாது. டெலிகாயில் இல்லாத கருவி அணிந்தவர்களுக்கும் கருவியே இல்லாதவர்களுக்கும், லூப்பின் ஒலியை வாங்கித் தரும், ஹெட்போன் பொருத்திய ஏற்பிகள் சிலவற்றை நுழைவாயிலில் வைத்திருக்கலாம்.

பெயரளவுக்கு ஒரு கம்பியைப் பதித்துவிட்டுப் போக வேண்டாம் என்பதையும் பணிவுடன் வலியுறுத்துகிறேன். தரைக்கு அடியில் உள்ள இரும்பு, காந்தப்புலத்தை வலுவிழக்கச் செய்யும். எனவே ஐஈசி 60118-4 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி ஒவ்வொரு வரிசையிலும் அளந்து பார்த்த பிறகே பணியை ஏற்க வேண்டும். தரைவிரிப்பு மாற்றும் நேரத்தில் இதைச் செய்தால் வேலை எளிது. டிக்கெட் கவுன்டரிலும் ஒரு சிறு லூப் தேவை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் இரண்டு லூப்களையும் இயக்கிச் சரிபார்க்கும் பொறுப்பை ஓர் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்கி வைத்தும் இயக்க ஆளில்லாத கருவியால் யாருக்கும் பயனில்லை.

உலகில் சுமார் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் இழப்புக்கான மறுவாழ்வு உதவி தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது. கலைகளைத் துய்க்கும் உரிமையை 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 27-ஆவது பிரிவில் அனைவருக்கும் உரியதாக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, பிரிவு 30-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. நம் அரங்கில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. காது கேளாமை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான் இது விடுபட்டிருக்கும் என நினைக்கிறேன்.

சோதனை நாளை முன்கூட்டியே தெரிவித்தால், காதொலிக் கருவி அணிந்தவர்கள் சிலரை அழைத்து வந்து, ஒவ்வொரு வரிசையிலும் அமர்ந்து கேட்டுச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன். முதல் ஆளாக என் தந்தை வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)