பக்கற் உடைத்தால் கட்டு அமையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கும்போது சொக்லேட்டோடு போக்கிமொன் என்ற சீட்டாட்டத்தின் தாள் பக்கற்றுகளும் பெட்டிக்குள் வருகின்றன. பிள்ளைகள் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் உடைத்து, மினுங்கும் தாள்களைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை றப்பர் பாண்ட் போட்டு லாச்சிக்குள் தள்ளுகிறார்கள். பிறகு அந்த மிச்சத்திலேயே அறுபதை எண்ணி எடுத்து ஆடித் தோற்று, "எனக்கு நல்ல தாள் விழேல்லை" என்கிறார்கள். வீட்டாரும் இன்னும் நாலு பக்கற்றுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பக்கற்றில் பத்துத் தாள். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. போட்டியில் நிற்கிற கட்டுக்கோ ஒரே தாள் நான்கு வேண்டும், இன்னொன்று மூன்று வேண்டும். இந்த இரண்டும் ஒருநாளும் பொருந்தி வராது. அடுத்த முறை பெட்டி கட்டும் மாமா மாமிமாருக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

'இதுவும் கடதாசி விளையாட்டுத்தானே' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சொல். முந்நூற்றி நாலு என்ற நம்மூர்ச் சீட்டாட்டத்தில் 32 தாளும் எல்லாருக்கும் பொது. பிரித்துக் கொடுத்ததை வைத்துத்தான் கேட்கவும் துரும்பு கவிழ்க்கவும் முடியும். போக்கிமொனில் என்ன தாள் வரலாம் என்பதை ஆட வரும் முன்பே ஆடுபவர் தீர்மானித்துவிடுகிறார். பாதி ஆட்டம் வீட்டு மேசையிலேயே முடிந்துவிடும்.

விதி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கட்டில் சரியாக 60 தாள். ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, தாக்குதலுக்கு வலு தரும் அடிப்படை எனர்ஜித் தாளுக்கு மட்டும் வரையறை இல்லை. தொடக்கத்தில் 7 தாள் கைக்கு வரும், 6 தாள் பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமொன் ஒன்றை வீழ்த்தினால் ஒரு பரிசு, அது சாதாரண 'எக்ஸ்' வகையானால் இரண்டு. ஆறையும் எடுத்தவர் வென்றார். தன் முறை ஒவ்வொன்றிலும் ஓர் எனர்ஜியும், உதவிக்கு வரும் ஆள் தாளான சப்போட்டர் ஒன்றும் மட்டுமே போடலாம். பொருள் தாளான ஐட்டம் எத்தனையும் போடலாம். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கவும் சப்போட்டர் போடவும் முடியாது.

இனி, பக்கற்றில் பிறந்த கட்டு ஏன் தோற்கிறது? சாரிசார்ட் எக்ஸ் ஒன்று விழுந்தது என்பதற்காக, அது வளர்ந்து வரும் முன்னிலைகளான சார்மண்டர் ஒன்று, சார்மீலியன் ஒன்று தேடிச் சேர்ப்பார்கள். கட்டில் ஒன்றாக இருக்கும் தாள் முதல் எட்டுத் தாளுக்குள் (தொடக்க ஏழும் முதல் முறையில் எடுக்கும் ஒன்றும்) கைக்கு வர வாய்ப்பு 13 வீதம். இரண்டு வைத்தால் 25, மூன்று வைத்தால் 35, நான்கு வைத்தால் 44 வீதத்துக்குச் சற்று மேல். அந்த மூன்று ஒற்றைத் தாள்களில் ஏதாவது ஒன்று பரிசுக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் 27 வீதத்தைத் தாண்டும். மாட்டினால் சங்கிலி அறுந்தது, அந்தப் பரிசை எடுக்கும்வரை சாரிசார்ட் இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் எவரும் இதைச் சேர்மானத்தில் போட்டுப் பார்க்கலாம். நான்கு தாள் வைத்தும் எட்டுக்குள் ஒன்றேனும் வராமல் போக, 56 இலிருந்து 8 ஐத் தெரியும் வழிகளை 60 இலிருந்து 8 ஐத் தெரியும் வழிகளால் வகுத்தால் போதும்.

ஒழுங்கான கட்டு எப்படி இருக்கும் என்பதற்கு டிராகபுல்ட் எக்ஸ் நல்ல மாதிரி. அது 2024 இல் வந்த தாள். ஃபாண்டம் டைவ் என்ற அதன் தாக்குதல் ஒரு நெருப்பு, ஒரு சைக்கிக் எனர்ஜியுடன் முன்னால் நிற்பவருக்கு 200 சேதம் கொடுக்கும். அதோடு எதிராளியின் வாங்கில், அதாவது பின்வரிசையில், இருப்பவர்களுக்கு 60 சேதத்தை விரும்பியபடி பிரித்து வைக்கலாம். கணக்கு இப்படி: டிரீப்பி 4, அது வளர்ந்த டிராக்லோக் 4, அதுவும் வளர்ந்த டிராகபுல்ட் எக்ஸ் 3, புடியூ 2, ஃபெசாண்டிபிட்டி எக்ஸ் 1, லாட்டியாஸ் எக்ஸ் 1. போக்கிமொன் மொத்தம் 15. எனர்ஜி 8, நெருப்பு நான்கும் சைக்கிக் நான்கும். மீதி 37 ட்ரெயினர், அதாவது ஐட்டம், சப்போட்டர், மைதானத் தாள் முதலியவை: அல்ட்ரா போல் 4, பட்டி பட்டி பொஃபின் 4, ரெயார் கண்டி 3, நைட் ஸ்ட்ரெச்சர் 3, சுவிட்ச் 2. சப்போட்டரில் லில்லீஸ் டிட்டர்மினேசன் 4, ஹில்டா 4, கிறிஸ்பின் 3, பொஸ்ஸஸ் ஓர்டர்ஸ் 3. கட்டுக்கு ஒன்று மட்டும் அனுமதியுள்ள ஏஸ் ஸ்பெக் வகையில் அன்ஃபெயார் ஸ்டாம்ப் 1, மைதானத் தாள் 2. இன்னும் நான்கு இடம் காலி. ஊரில் எதிரே உட்காருபவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்து நிரப்ப வேண்டிய இடம் அது.

இதில் பிள்ளைகள் முதலில் கை வைப்பது டிராக்லோக்கில். 'ரெயார் கண்டி போட்டால் டிரீப்பியிலிருந்து நேரே டிராகபுல்ட்டுக்குப் போகலாமே, நடுவில் இது எதற்கு?' என்று டிராக்லோக்கை இரண்டாக்கிக் கண்டியை நான்காக்குவார்கள். டிராக்லோக் ஒவ்வொன்றும் முறைக்கு ஒருதடவை கட்டின் மேல் இரண்டு தாளைப் பார்த்து ஒன்றைக் கைக்கு எடுத்து, மற்றதை அடியில் வைக்கும். வாங்கில் இரண்டு டிராக்லோக் இருந்தால் சப்போட்டர் போடாமலே முறைக்கு இரண்டு தெரிவு செய்த தாள் வரும். அதை வெட்டினால் கட்டின் மூச்சே நிற்கும். தவிர, இந்த முறையில் இறக்கிய பேசிக்கில் (வளராத முதல் நிலைப் போக்கிமொனில்) கண்டி செல்லாது, ஆடுபவரின் முதல் முறையிலும் செல்லாது. அவசரத்துக்கு உதவும் தாள், ஆனால் கட்டை அதன் மேல் நிறுத்தக் கூடாது.

பேசிக் போக்கிமொன் எத்தனை என்பதில் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். மேலே உள்ள கட்டில் பேசிக் 8 தான். முதல் ஏழு தாளில் ஒன்றுகூட இல்லாமல் போக வாய்ப்பு 35 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. 10 ஆக்கினால் 26 வீதம், 12 ஆக்கினால் 19 வீதம். அப்படியானால் 12 வைக்கலாமே? பேசிக் இல்லாத கையைக் காட்டிக் கலந்து மறுபடி எடுத்தால், எதிராளி விரும்பினால் ஒரு தாள் கூடுதலாக எடுப்பார். தண்டம் அவ்வளவுதான். தேவையற்ற பேசிக்கோ ஆட்டம் முடியும்வரை கையிலோ வாங்கிலோ கிடந்து இடத்தை அடைக்கும், வாங்கிலும் ஐந்தே இடம். இன்னொரு பக்கம், எச்பி (தாங்கும் சேத அளவு) 70 உள்ள டிரீப்பி ஒன்றோடு தனியே தொடங்கி, வாங்கு காலியாக இருக்கும்போது அது வீழ்ந்தால் ஆட்டமே முடிந்துவிடும். பொஃபின் நான்கு வைப்பது இதற்குத்தான். எச்பி 70 அல்லது அதற்குக் குறைந்த பேசிக் இரண்டை அது நேரே வாங்குக்குக் கொண்டுவரும். பொஃபினும் அல்ட்ரா போலும் சேர்ந்து எட்டு. முதல் எட்டுத் தாளுக்குள் அதில் ஒன்றாவது வர ஏறத்தாழ 71 வீதம். பேசிக்கைக் கூட்டுவதை விட இது மேல்.

எனர்ஜி இருபது போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. முறைக்கு ஒன்றுதான் பொருத்தலாம் என்றால் இருபது எதற்கு? எட்டு போதுவதற்குக் காரணம் கிறிஸ்பின். அது வெவ்வேறு வகை அடிப்படை எனர்ஜி இரண்டைக் கட்டிலிருந்து எடுத்து ஒன்றைப் போக்கிமொனில் பொருத்தி மற்றதைக் கைக்குத் தரும். கையில் வந்ததை வழக்கமான பொருத்தலில் போட்டால் அதே முறையில் நெருப்பும் சைக்கிக்கும் இரண்டும் ஆயிற்று. அல்ட்ரா போலுக்கு இரண்டு தாளைக் கழிக்க வேண்டும். அப்போது எனர்ஜியைக் கழிப்பதற்கு அஞ்ச வேண்டாம், நைட் ஸ்ட்ரெச்சர் ஒரு போக்கிமொனையோ ஓர் அடிப்படை எனர்ஜியையோ மீட்டுத் தரும். கழிக்கக் கூடாதது சப்போட்டர்தான், ஸ்ட்ரெச்சர் அதை மீட்காது.

சப்போட்டர் 14 அதிகம் என்று தோன்றலாம். எச்பி 30 மட்டுமே உள்ள புடியூ, எனர்ஜி எதுவும் இல்லாமல் தாக்கி, எதிராளி தன் அடுத்த முறையில் ஐட்டமே போட முடியாமல் செய்துவிடும். பொஃபின், அல்ட்ரா போல், கண்டி மூன்றும் ஐட்டம். இதே புடியூ எதிரேயும் இருக்கும் என்று எண்ணித்தான் கட்ட வேண்டும். பூட்டு விழுந்த முறையில் வேலை செய்வது ஹில்டாவும் லில்லீஸும்தான். ஹில்டா வளர்ந்த போக்கிமொன் ஒன்றையும் எனர்ஜி ஒன்றையும் தேடித் தரும். லில்லீஸ் கையைக் கட்டோடு கலந்து ஆறு தாள் தரும், பரிசு ஆறும் எடுபடாமல் இருந்தால் எட்டு. புடியூ உள்ள கட்டுக்கு நாணயச் சுழற்சியில் வென்றாலும் இரண்டாவதாக ஆடுவதே பெரும்பாலும் நல்லது. இரண்டாமவர் முதல் முறையிலேயே தாக்கலாம், சப்போட்டரும் போடலாம்.

ஆட்டத்தில் முதன்முதலாகக் கட்டுக்குள் தேடும்போது தேடுவதை மட்டும் எடுத்துவிட்டு மூடுவது பெரிய வீண். அந்த நேரத்தில் கட்டு முழுவதையும் பார்க்க விதி இடம் கொடுக்கிறது. டிரீப்பி, டிராக்லோக், டிராகபுல்ட், எனர்ஜி, பொஸ்ஸஸ் ஓர்டர்ஸ் என்று எப்போதும் ஒரே ஒழுங்கில் எண்ணி, கையில் உள்ளதையும் சேர்த்தால், பரிசுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒற்றைத் தாள் ஒவ்வொன்றும் பத்து ஆட்டத்தில் ஒருமுறை பரிசுக்குள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு வைத்தால் இரண்டும் சேர்ந்து மாட்டுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

காசு கொடுக்கும் முன் சோதிக்கலாம். தாள்களின் பெயரையும் செயலையும் கடதாசியில் எழுதி வெட்டி, சாதாரணச் சீட்டுக்கட்டுத் தாளுக்கு மேல் வைத்து உறைக்குள் செருகினால் பயிற்சிக்குப் போதும். போட்டியில் அது செல்லாது. எதிராளி இல்லாமலே 7 தாள் எடுத்து, 6 பரிசு வைத்து, மூன்று முறை ஆடிப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறையில் டிராக்லோக் இரண்டு நிற்கிறதா, மூன்றாம் முறையில் ஃபாண்டம் டைவ் அடிக்க முடிகிறதா என்று கொப்பியில் குறிக்க வேண்டும். இருபது தடவையாவது செய்த பிறகே தாளை மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு தாளுக்கு மேல் மாற்றினால் எது பயன் தந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் பக்கற் கேட்காமல் பட்டியல் கொடுங்கள். லீக் பட்டில் டெக் என்ற பெயரில் 60 தாளுடன் வரும் ஆயத்தக் கட்டுகளில் 2025 இல் டிராகபுல்ட் எக்ஸும் வந்தது. அது ஒன்றும், குறைகிற தாள்கள் தனித்தனியாகவும் வாங்கினால் முடிந்தது. மினுங்காத சாதாரணப் பதிப்பே போதும், அச்சு வேறானாலும் செயல் ஒன்றுதான். தாளின் கீழ் இடது மூலையில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். போட்டிக்கு எந்த எழுத்துகள் செல்லும் என்பதை வெளியீட்டாளர்கள் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். 2025 ஏப்ரல் 11 உடன் 'எஃப்' கழிந்தது. பட்டியல் எழுதும் நாளில் எது செல்லும் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். ஆனால் அதே பெயரும் அதே செயலும் கொண்ட தாள் இப்போது செல்லும் தொகுதியில் மறுபதிப்பாகியிருந்தால் பழைய அச்சும் செல்லும். அண்ணன்மாரின் பழைய பெட்டியில் கிடக்கும் சுவிட்ச் தாளை எறிய வேண்டாம். ஜப்பானிய மொழித் தாள் மலிவாகவும் அழகாகவும் இருக்கும், ஆங்கிலத் தாள் மட்டும் ஏற்கும் போட்டியில் அதனால் பயனில்லை.

விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்கும் தங்க நிறப் பிளாஸ்ரிக் தாள்கள் போலி. கடதாசிப் போலியும் உண்டு. பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், எழுத்துப் பருமன் வேறுபடும். உண்மைத் தாளின் நடுவில் மெல்லிய கறுப்புப் படை ஒன்று இருப்பதால் ரோச் லைற் அடித்தால் ஒளி அதிகம் ஊடுருவாது, போலியில் பளிச்சென்று தெரியும்.

நம்மூர் ஈரத்துக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மினுங்கல் தாள்கள் வளையும். கட்டில் மூன்று தாள் மட்டும் வளைந்திருந்தால், கலைக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும். நடுவர் அதை அடையாளமிட்ட தாளாகக் கொண்டு தண்டிக்கலாம். சாதாரணப் பதிப்பு வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். தாள் 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். அதற்கு 66, 91 அளவுள்ள, பின்பக்கம் ஒளி புகாத உறை வேண்டும். அறுபதும் ஒரே பக்கற்றிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும், கிழிந்தால் மாற்றச் சில மேலதிகமாகவும் இருக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பை ஒன்றுடன் வைத்தால் மாரி கழியும்.

இனி ஒரு வேண்டுகோள். நம் சனசமூக நிலையங்களில் கரம் பலகைக்கு இடம் இருக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரம் இந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டு மேசை ஒதுக்கலாம். மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்பவர் வெற்றி, ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். ஆட வருபவர் தன் கட்டின் அறுபது தாளையும் எண்ணிக்கையோடு ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். கடதாசியில் எழுதிய பயிற்சித் தாள்களுடன் வருபவரையும் பயிற்சி நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டில் மாமா இருக்கும் பிள்ளைகள் மட்டும்தான் ஆடுவார்கள்.

இப்படிக்கு,
தாள் ஆடும் வாசகர்கள்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.