நான் கற்றுக்கொடுத்ததில் பாதியைப் படகில் மறந்துவிடு, தம்பி

தம்பி,

நீ லங்காவியிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பிய படகு மின்வேலைப் பாடக் குறிப்புகளை நேற்று ராத்திரி முழுக்க வாசித்தேன். படகுகளுக்கான அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு போட்ட விதிகள், அதில் இ-11 என்ற மின்சாரப் பகுதி. பினாங்கில் முப்பது வருஷம் வீடு வீடாக வயர் இழுத்தவன் நான். உனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதியை நீ படகுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று இப்போதுதான் புரிகிறது. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது தெலுக் பஹாங்கில் என் மலாய்க் கூட்டாளியின் மீன்பிடிப் படகுக்கு விளக்கும் பம்பும் போட்டுக்கொடுத்தேனே, நீகூட டார்ச் பிடித்தாய். ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய சாதாரணச் செம்பு வயர், முனைகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினேன். 12 வோல்ட்தானே, கை வைத்தால்கூட ஷாக் அடிக்காது என்ற நினைப்பு. எட்டு மாசத்தில் விளக்கு மங்கிப்போனது. டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி. கத்தியால் உறையைச் சீவச் சீவ ஒரு சாண் தூரத்துக்கு இழைகள் கரியாகக் கறுத்திருந்தன. பம்பு வயரில் ஓர் இடத்தில் உறை உருகிப் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அவர் நடுக்கடலில் இருக்கும்போது அது பற்றியிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

60 வாட் விளக்கு வீட்டில் 240 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும், படகில் 12 வோல்ட்டில் அதே விளக்குக்கு 5 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைவு என்று மெல்லிய வயர் போட்டதுதான் என் தப்பு. வழிகாட்டும் விளக்குகளுக்கு வயரிலேயே ஆகும் வோல்ட்டேஜ் இழப்பு 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உன் குறிப்பில் இருக்கிறதே, 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய, பல மெல்லிய இழை கொண்ட வயர் மட்டும் வாங்கு, விலை பார்க்காதே. நான் உனக்குப் பழக்கிய சோல்டரை மட்டும் நம்பி இணைப்புப் போடாதே, ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடியும். வயர் முனையில் உலோகக் குப்பியை மாட்டி நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்து, அப்புறம் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்.

பேட்டரியை வெறும் 12 வோல்ட் என்று நினைக்காதே. ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடு. பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் என்ற விதி ஏன் என்றால், ஃபியூஸ் தூரத்தில் இருந்தால் இடையில் உள்ள வயருக்குக் காவலே கிடையாது. ஃபியூஸ் காப்பது சாதனத்தை அல்ல, வயரை.

அடுத்தது கரையிலிருந்து எடுக்கும் கரண்ட். இதில்தான் எனக்கு ரொம்பக் கவலை. கரை மின்சாரத்தில் இருக்கும்போது படகுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் எங்கேயும் சேர்த்துவிடாதே. சேர்ந்தால் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகவும், புரொப்பல்லர் வழியாகத் தண்ணீருக்குள்ளும் போகும். அதனால்தான் கசிவு வந்தால் கரண்டை வெட்டும் நம் வீட்டு இஎல்சிபி சுவிட்ச் மாதிரி படகிலும் ஒன்று கேட்கிறார்கள், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 100 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். உடம்பைவிடக் கடல் தண்ணீர் நன்றாகக் கரண்ட் கடத்துவதால் அங்கே ஆபத்து குறைவு, ஆற்று நீரில்தான் நீந்துகிறவன் கைகால் விறைத்து மூழ்கிப்போவான். கடல்தானே என்று துணியாதே. புரொப்பல்லரில் கயிறு சிக்கியது என்று யார் கூப்பிட்டாலும், சுற்றியுள்ள படகுகள் கரண்டில் மாட்டியிருக்கும்போது மரீனாவில், அதாவது படகுகளைக் கட்டி வைக்கும் துறையில், தண்ணீருக்குள் குதிக்காதே. அம்மாவுக்கும் இதைச் சொன்னேன், அவள் உடனே உன்னைக் கூப்பிடச் சொன்னாள், நான்தான் எழுதுகிறேன் என்றேன்.

தெலுக் பஹாங் படகு இன்னும் ஓடுகிறது. அப்போது கருகிய துண்டை வெட்டிவிட்டு அதே மாதிரி வயரைத்தான் மறுபடி போட்டேன். தீபாவளிக்கு வரும்போது வெள்ளீயம் பூசிய வயர் ஒரு ரோலும், ஃபியூஸ் பெட்டியும், உன் கிரிம்பிங் கருவியும் எடுத்து வா, பணம் நான் தருகிறேன். அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன், நீ வேலை செய், இந்தத் தடவை டார்ச் நான் பிடிக்கிறேன்.

அப்பா