தி.நகரில் மிஞ்சிய ‘தி’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தி.நகர் கடைவீதியைப் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு பத்தியில் மட்டும் மனம் முரண்டியது. அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர், தேடி வந்த முதலமைச்சர் பதவியை உதறிய தியாகி என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் நகைக்கடைகளுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நீதிக்கட்சி பற்றிய மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இந்த வரிதான் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரிலேயே தியாகம் இருப்பதால் எதுகைக்கும் வசதி.

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். தியாகராயர் எங்கள் பகுதி மனிதர். தறி வைத்து நெசவுத் தொழில் நடத்தியதும் பள்ளிக்கூடம் நடத்தியதும் இங்கேதான். அவர் பெயர் தாங்கிய கல்லூரியும் இங்கேதான் நிற்கிறது. தி.நகர் உருவானதோ அவர் காலம் முடியும் தறுவாயில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த மனைகளில். அந்தப் பெயரும் தேய்ந்து ஒற்றை ‘தி’ ஆயிற்று. தியாகராய சாலை என்று பலகை இருக்கிறது, ஆனால் ஆட்டோக்காரரிடம் பாண்டி பஜார் என்று சொன்னால்தான் வண்டி நகரும். டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா, பனகல் பூங்கா, உஸ்மான் சாலை என்று நீதிக்கட்சிப் பெரியவர்கள் பலரும் அங்கே அக்கம்பக்கமாகக் குடியிருக்கிறார்கள். இதில் நாயரும் தியாகராயரும் ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி தெப்பக்குளத்துத் தண்ணீர் விவகாரத்தில் மாநகராட்சி மன்றத்திலேயே மோதிக்கொண்டவர்கள். நடேசனார் நடுவில் நின்று இருவரையும் சேர்த்து வைத்ததால்தான் 1916-இல் கட்சியே பிறந்தது. குளத்துத் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள் கட்சி தொடங்கினார்கள் என்றால் இன்று சிரிப்பு வரும். அன்றைய மன்றத்தில் தண்ணீர் சிரிக்கிற விஷயமாக இல்லை.

நான் சொல்ல வந்ததும் அந்த மன்றத்தைப் பற்றித்தான். தியாகராயர் பிறந்தது 1852-இல். சென்னை மாநகராட்சிக்குள் அவர் காலெடுத்து வைத்தது 1882-இல், முப்பது வயதில். அதற்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கட்சி தொடங்கும்போது அவருக்கு வயது 64. அதாவது, நாம் அரசியல்வாதி என்று கொண்டாடும் தியாகராயர் அவருடைய வாழ்வின் கடைசி ஒன்பது ஆண்டுகள் மட்டும். அதற்கு முந்தைய முப்பத்து நான்கு ஆண்டுகளும் அவர் வீட்டுவரி, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், மயானம் என்று பேசிய மாநகராட்சி உறுப்பினர்தான். வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு இருந்த காலம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேட்டையில் தறி மிதித்தவர்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருக்காது. கடைசியில்தான் மாநகராட்சியின் தலைவரானார், அதிகாரி அல்லாத முதல் தலைவராக. மேயர் என்ற பதவி மீண்டும் வந்தது 1933-இல், அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

இப்போது 1920-க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிப்பவை ஏழைப் பிள்ளைகள், அந்த ஏழ்மையால் பள்ளிக்கு வருவோர் தொகை குறைகிறது. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி கொடுக்கலாம். இவ்வளவுதான் விஷயம். நவம்பரில் மாகாணத் தேர்தல் வந்தது. காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது, நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்கக் கூப்பிட்டார். தியாகராயர் மறுத்துவிட்டார், டிசம்பரில் கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார்.

இந்த இரண்டாவது காட்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலியின் உயரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. இரட்டை ஆட்சி முறையில் நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. இந்திய அமைச்சர்களுக்குக் கொடுத்தது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகளை. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் மறுபடியும் மேலே பார்க்க வேண்டும். இன்றைய முதலமைச்சர் பதவியை மனத்தில் வைத்துக்கொண்டு அதை ‘உதறினார்’ என்பது மிகை. கட்சித் தலைவராக இருப்பவர் அமைச்சர் பதவியில் உட்காரக்கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம், அந்தக் கண்ணியத்தை நான் மறுக்கவில்லை. என் கணிப்பு வேறு. ஓர் அணாவில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் அதிகாரம் மாநகராட்சித் தலைவராக அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அந்த வேலை சிறியது, இந்த வேலை பெரியது என்ற கணக்கு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மாகாணச் சட்டமன்றத்துக்கும் போனார், கட்சியையும் நடத்தினார், நகரத்தையும் விடவில்லை.

அந்தச் சிற்றுண்டி வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று அரசு மறுத்ததால் 1925-இல் நின்றது. அவர் இறந்ததும் அதே ஆண்டுதான். காமராசர், எம்.ஜி.ஆர். என்று நாம் வரிசையாகச் சொல்லும் சத்துணவுக் கதைக்கு முன்னுரை இந்த ஓர் அணா. 2022-இல் காலை உணவுத் திட்டத்துக்கு அரசாணை வந்தபோது இந்தத் தீர்மானமும் நினைவுகூரப்பட்டது என்பதில் எங்கள் பேட்டைக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை.

வெள்ளுடை வேந்தர் என்று அடைமொழி கொடுத்துவிட்டதால் அந்த உடையில் கறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1921-இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுக்கும் சாதி இந்துக்களுக்கும் மோதல் வெடித்தது. நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எதிர்ப்புறமாக நின்றார்கள். கட்சியிலிருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா மனம் கசந்து 1923-இல் கட்சியை விட்டே போனார். அப்போது கட்சிக்குத் தலைவர் தியாகராயர். புளியந்தோப்பும் அவருடைய நகரத்துக்குள்தான் இருந்தது. தெருத்தெருவாக நகரத்தை அறிந்த மனிதர் அந்தச் சில தெருக்களின் குரலுக்கு ஏன் காது கொடுக்கவில்லை என்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. கட்டுரை எழுதுகிறவர்கள் தியாகத்தோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி நம்முடையது. அதில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். எங்கள் வட்டத்துக்கு ஒரு கவுன்சிலர் என்று ஒருவரை நான் முதன்முதலாக அறிந்தபோது எனக்குத் திருமணமாகிப் பிள்ளையும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நாற்காலிகள் காலி. சட்டமன்றம் ஆறு மாதம் இல்லையென்றால் நாடே பேசும். இங்கே இருபத்து மூன்று ஆண்டுகள் போனது பற்றி ஒரு தேநீர்க்கடையிலாவது விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. மன்றம் கூடுகிற காலத்திலும் கவுன்சிலர் பதவியை எம்.எல்.ஏ. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் இடமாகத்தான் பலர் பார்க்கிறார்கள். ஐந்து ஆண்டு முடிந்தும் மேலே போகாதவரைப் பார்த்து “பாவம், அப்படியே நின்றுவிட்டார்” என்கிறோம். தியாகராயர் நாற்பது ஆண்டு அப்படி நின்றவர்.

ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவர் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் மாலையும் விழுகிறது. அந்த மாளிகையின் பழைய மன்றக் கூட்டக் குறிப்புகளில் 1882-லிருந்து அவர் எதற்கு எழுந்து பேசினார், எதற்கு எதிராக வாக்களித்தார், எங்கே தோற்றார் என்று பொறுமையாகத் தேடி எழுதக்கூடிய ஓர் இளம் செய்தியாளரை உங்கள் இதழ் அனுப்புமானால், அதற்குத் தொடர் ஒன்று ஒதுக்குங்கள். நகைக்கடைக் கட்டுரையை விடக் குறைவான பேர்தான் படிப்பார்கள். படிப்பவர்களில் நான் ஒருவன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.