கர்ப்பிணிப் பெண்களுக்குப் பரிசோதனையோடு விளக்கமும் கிடைக்க ஏற்பாடு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
கர்ப்பிணிப் பெண் ஒருவரின் அக்கா

பெறுநர்:
சுகாதாரத் துறை அதிகாரி அவர்கள்

பொருள்: கர்ப்பகாலப் பராமரிப்பு குறித்து ஒவ்வொரு பரிசோதனையின்போதும் விளக்கிச் சொல்ல வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் இரண்டு நாள் விடாத தலைவலி. தூக்கம் கெட்டதால்தான் என்று தைலம் தேய்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் கண் மங்கி, முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அன்று வராந்தாவில் உட்கார்ந்து அவளுடைய பரிசோதனை அட்டையைப் புரட்டினேன். பத்து நாளுக்கு முந்தைய தேதிக்கு நேராக நீல மையில் 144/94 என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "எழுதிக் கொடுத்தாங்க, பையில வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

140/90-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்றும், 20 வாரத்துக்குப் பிறகு அது ஏறினால் வலிப்பு வரை போகலாம் என்றும் யாராவது அன்றே சொல்லியிருந்தால், முதல் நாள் தலைவலியிலேயே கிளம்பியிருப்போம்.

செவிலியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு கூட்டம். ஆனால் எடை, ரத்தம், ஸ்கேன் எல்லாம் நடக்கிற இடத்தில் பேச்சு மட்டும் நடப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையையே உதாரணமாகப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்புதான், டீ காபியோடு சேர்த்துப் போடாதீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், மாத்திரை வீணாகாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பதும் அட்டையில் எண்ணாகவே நின்றுவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கர்ப்பகாலச் சந்திப்புகளை 4-லிருந்து 8-ஆக உயர்த்தியது. முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்றது. வந்துபோவது என்ற பொருள்படும் சொல்லை விட்டுவிட்டு, தொடர்பு என்ற சொல்லையே அதற்கு வைத்தது. நான் கேட்பதும் அந்தத் தொடர்பைத்தான்.

ஆகவே, வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே பயிற்சி பெற்ற ஒருவர் கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். அட்டையில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் சொல்லட்டும். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றைப் படமாக அச்சிட்டு அட்டையிலேயே ஒட்டித் தாருங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவும். சொன்னதை அந்தப் பெண்ணையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று ஆகாது. கணவரையும் மாமியாரையும் ஒரு தடவையாவது கூட உட்கார வையுங்கள், பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவர்கள்தான்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)