ஜிஐ பில்லோட இன்னொரு பாதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்கா எப்படி நடுத்தர வர்க்க நாடா மாறுச்சுன்னு வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா 1944ல அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்ட ஜிஐ பில்லால (போர் வீரர்களோட படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் உதவி செஞ்ச சட்டம்) போர்ல இருந்து திரும்பின சிப்பாய்ங்க எல்லாரும் காலேஜ் போனாங்க, வீடு வாங்கினாங்கன்னு எழுதினது பாதி உண்மைதாங்க. சட்டத்துல நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா கவர்மென்ட் கடனுக்கு கேரண்டி மட்டும்தான் குடுத்துச்சு, பணம் தர வேண்டியது உள்ளூர் பேங்க், அவங்க கறுப்பின வீரர்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 1947ல மிசிசிப்பியில 3,229 கடன்ல கறுப்பினத்தவங்களுக்கு கிடைச்சது வெறும் 2! ஒரே போர்ல சண்டை போட்டவங்கதானே, மனசு ஆறல.

அதே வருஷம் நியூயார்க் பக்கத்துல லெவிட்டவுன்ங்கிற பெரிய குடியிருப்பு நகரைக் கட்ட ஆரம்பிச்சப்போ வெள்ளையர் தவிர யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதினாங்க. 1968 ஏப்ரல்ல, மார்ட்டின் லூதர் கிங்கை சுட்டுக் கொன்னு ஒரு வாரம் கழிச்சுதான் வீடு விக்கிறதுல பாகுபாடு கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, அதுக்குள்ள அந்த வீடெல்லாம் விலை ஏறி வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு சொத்தா சேந்துருச்சு. தயவுசெஞ்சு இதையும் விரிவா ஒரு கட்டுரையா போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், ஈரோடு