அண்ணனின் கைக்குக் கரண்ட் வைப்பது பற்றி

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பக்கவாதம் வந்த அண்ணனுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. கரண்ட் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் அக்காவுக்கு அது நடந்துகொண்டிருக்கிறது, தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்காவுக்கு இடது பக்கம் பக்கவாதம். நடந்தால் பாதம் தொங்கி, கட்டைவிரல் தரையில் உரசும். பிசியோதெரபிஸ்ட் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒரு பேடும் (கரண்ட் பாய்ச்சும் ஒட்டுப்பட்டை), முன்பக்கத் தசையில் இன்னொன்றும் ஒட்டிவிட்டு மெஷினின் குமிழை மெல்லத் திருகுவார். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமாம். இன்னும் கொஞ்சம் கூட்டினால் பாதம் மேலே எழும்பும்.

வாதத்தில் அடிபடுவது மூளை. முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வருகிற நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மேலிருந்து உத்தரவுதான் வருவதில்லை. பேடு வழியாகப் போகிற கரண்ட் அந்த நரம்பைத் தூண்டிவிடுகிறது. 1961-லேயே அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவர், செருப்பின் குதிகாலில் சுவிட்ச் வைத்து, குதிகால் எழும்பியதும் கரண்ட் பாய்ந்து பாதத்தைத் தூக்கும்படி செய்திருக்கிறார்.

ஆனால் மூர்த்தி, மெஷின் தூக்கட்டும் என்று சும்மா படுத்திருந்தால் போதாது. கரண்ட் வருகிற அந்த நொடியிலேயே அண்ணனும் விரலை விரிக்க முயல வேண்டும். அக்காவிடம் பிசியோ ஒவ்வொரு தடவையும் "இப்போ நீங்களும் தூக்குங்கம்மா" என்பார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று அண்ணி சொல்கிறார் என்றாயே. 2021-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வை அவருக்குச் சொல். வாதம் வந்து ஒன்பது மாதமாவது கழிந்த 108 பேர். எல்லோருக்கும் நெஞ்சில் சிறு கருவி பொருத்தி, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்போடு இணைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கைப்பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் கை அசையும்போதெல்லாம் நிஜமாகக் கரண்ட் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நிஜக் கரண்ட் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கை நல்லபடியாகத் தேறியிருந்தது, மற்றவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். அந்த ஆண்டே அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. ஆபரேஷன் வேண்டிய விஷயம், அண்ணனுக்கு அதைச் செய் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆனதால் கதவு மூடிவிடவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

அப்புறம், கையைப் பிடித்து இழுத்து அண்ணனை எழுப்பாதீர்கள். தசை தளர்ந்து கிடந்தால் தோள் மூட்டு எளிதில் இறங்கிவிடும், வலி உயிரை வாங்கும். அந்தத் தோளுக்கும் கரண்ட் வைப்பதுண்டு, பிசியோவிடம் கேள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொட்டால் உணர்ச்சி தெரியாத இடத்தில் தோல் புண்ணாகலாம், அதனால் நீங்களாகவே மெஷின் வாங்கி வைக்க வேண்டாம்.

பிசியோ என்ன சொன்னார் என்று உடனே எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அண்ணனைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்