பேத்தி கேரியரில் உறங்குவது பற்றி

அன்புள்ள மரகதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு ஏழு வாரம் நிறைந்ததையும், அடுத்த மாதம் நீ பர்மிங்காம் புறப்படுவதையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். உன் மகள் குழந்தையைக் கேரியரில் (குழந்தையை உடம்போடு சேர்த்துச் சுமக்கும் துணிப்பையில்) மார்போடு கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதையும், குழந்தை அதிலேயே ஒரு மணி நேரம் உறங்குவதையும் காணொளி அழைப்பில் பார்த்துப் பதறிப்போனதாக எழுதியிருக்கிறாய். பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் நான் அவளைக் கண்டித்து எழுத வேண்டும் என்கிறாய். கண்டிக்கும் அளவுக்கு அவள் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் உன் பதற்றத்திலும் பாதி நியாயம் இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் மாட்டிக்கொள்ளும் ஸ்லிங் வகைத் துணிப்பைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவற்றோடு தொடர்புடைய மரணங்களாகக் குறைந்தது 14ஐ அது ஆராய்ந்துகொண்டிருந்தது. அவற்றுள் 12 குழந்தைகளுக்கு நான்கு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. காரணங்கள் இரண்டு. துணியோ சுமப்பவரின் உடம்போ மூக்கையும் வாயையும் அழுத்தினால், தலை நிற்காத குழந்தையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ஓரிரு நிமிடங்களில் மூச்சு முட்டிவிடும். இரண்டாவது, என் அனுபவத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது: பையின் ஆழத்தில் குழந்தை சுருண்டு, மோவாய் நெஞ்சில் படிந்துவிட்டால் மூச்சுக்குழல் மடங்கிக் குறுகுகிறது. அந்நிலையில் குழந்தை திமிறுவதில்லை, அழுவதற்கான காற்றும் அதற்குக் கிடைப்பதில்லை. பார்ப்பவருக்கு நன்றாக உறங்குவதாகவே தோன்றும்.

ஆகவே உறக்கத்தைவிட, எந்த நிலையில் உறங்குகிறது என்பதே இங்கு முக்கியம். பிரிட்டனில் ஸ்லிங் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்த கூட்டமைப்பு வகுத்த ‘டிக்ஸ்’ விதிகள் ஐந்தையும் உன் மகள் ஏற்கெனவே அறிந்திருக்கக்கூடும். துணி தொய்வில்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும்; குனிந்து பார்த்தாலே குழந்தையின் முகம் தெரிய வேண்டும்; தலையைச் சற்றுச் சாய்த்தால் உச்சந்தலையில் முத்தமிட முடிய வேண்டும்; மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்; முதுகு சரிந்துவிடாமல் தாங்கப்பட வேண்டும். விழித்திருக்கையில் சரியாக இருந்த குழந்தையும் உறங்கியதும் தளர்ந்து கீழே சரியும் என்பதால், கட்டும்போது ஒருமுறை பார்த்தது போதாது, அடிக்கடி பார்க்க வேண்டும். கேரியரில் வைத்தபடியே பால் கொடுத்தால், முடிந்தவுடன் குழந்தையை நிமிர்த்தி முகத்தை மார்பிலிருந்து விலக்கிவிட வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ எடை குறைவாக இருந்தாலோ, சளியால் மூச்சு வாங்கினாலோ மருத்துவரைக் கேட்காமல் கேரியர் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு கேரியர் எதற்கு என்று நீ கேட்பாய். 1986இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கிச் சுமக்கப்பட்ட குழந்தைகள், ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. மாலை நேர அழுகையைத் தனியாகச் சமாளிக்கும் ஒரு தாய்க்கு இது சிறிய உதவியன்று. அவளுடைய கையிலிருந்து அதைப் பறித்துவிடாதே.

எனக்கு உண்மையில் கவலை தருவது உன் மகளைவிட நீதான். நாம் தூளியில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். உறங்கும் குழந்தையைத் தொடக் கூடாது, வெளிச்சம் படாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூட வேண்டும், ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விடலாம் என்பவை நம் கையோடு வந்துவிட்ட பழக்கங்கள். (தூளியைப் பற்றியும் இன்றைய மருத்துவர்களுக்கு இதே ஐயங்கள் உண்டு, அதை நேரில் பேசுவோம்.) கேரியரில் இவை மூன்றும் ஆபத்து. முகத்தை மூடாதே, மோவாய் தாழ்ந்தால் உறக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று நிமிர்த்திவிடு, அடுப்பருகே போகாதே, சூடான காப்பியைக் கையில் எடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பயணக் களைப்போடு சோபாவில் சாய்ந்து நீயும் கண்ணயர்ந்துவிடாதே. கட்டிலில் மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு அந்தத் தட்டையான படுக்கையே பாதுகாப்பு; கேரியரில் இருக்கும் குழந்தைக்குச் சுமப்பவரின் விழிப்பு மட்டுமே பாதுகாப்பு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு அறிவுரையும் இதையொட்டியே இருக்கிறது. வழக்கமான உறக்கத்துக்கு, குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, கேரியர் உகந்ததன்று. உறங்கிவிட்டால், முடிந்த விரைவில் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். கிடத்தினால் விழித்துக்கொள்கிறாளே என்பது மகளின் குறையாக இருந்தால், அதே ஆண்டில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் கண்டறிந்த ஒன்றைச் சொல். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்து, உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே அமர்ந்திருந்துவிட்டுக் கிடத்த வேண்டுமாம். முதுகு படுக்கையில் படுவதைக்காட்டிலும், தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணமே குழந்தையை எழுப்புகிறது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பலிக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்; முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

நீ போகும் வேளை அங்கே குளிர்காலம். கேரியரும் ஓர் அடுக்கு உடை போன்றதுதான் என்பதால், வீட்டுக்குள் குழந்தைக்குக் கம்பளிச் சட்டையை மாட்டி அதன்மேல் கட்டாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். வெளியே செல்லும்போது உன் கோட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டாலும், முகத்துக்குமேல் பொத்தான் ஏறக் கூடாது. அங்கே சென்றதும் மகள் கட்டும் விதத்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. மோவாயும் முதுகும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜலட்சுமி